ஓவன் இல்லாமலே சுட்ட கோழி – வேலை நாள் ராத்திரிக்கு



சில மாதங்களுக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் கேட்பவர்கள் பேசும் நேரம். ஒருத்தர் கறவை மாட்டுக்குக் கேட்டார், இன்னொருத்தர் மகள் காலேஜ் பீஸுக்குக் கேட்டார். அடுத்து எழுந்த உறுப்பினர், "எனக்கு ஓவன் வாங்கக் கடன் வேணும்" என்றார். கொல்லென்று சிரிப்பு. "கேக்கு கடை போடப் போறியா?" என்று கேட்டதற்கு, "இல்லக்கா, கோழி சுடணும்" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். "நான் தையல் கம்பெனியில இருந்து வீட்டுக்கு வர ஆறரை ஆகுது. பையன் கறி கேக்குறான். வெங்காயம் உரிச்சு, மசாலா அரைச்சு, அடுப்புகிட்ட நின்னு கிண்டி முடிக்க எட்டரை ஆயிடுது. போன்ல பாத்தேன். அவங்க கோழில மசாலாவைத் தடவி தட்டுல வச்சு உள்ள தள்ளி கதவைச் சாத்துறாங்க. நாப்பது நிமிஷம் கழிச்சுத் திறந்தா சாப்பாடு. அந்த நாப்பது நிமிஷம் எனக்கு வேணும்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஓவன் இல்லை, நேரம். ஆனால் அந்த நேரத்துக்குக் கடன் வாங்கத்தான் வேண்டுமா என்று நான் வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு தடவை கெடுத்தேன், மூன்றாவது தடவை நன்றாக வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓவன் என்ன செய்கிறது?

கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கீழே நெருப்பைக் குறைத்துவிட்டு, அண்டா மூடியின் மேல் கங்கை அள்ளிப் போடுவார்கள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு, நடுவில் மூடிய பாத்திரம். ஓவனும் இதேதான். பெட்டிக்குள் நாலு பக்கமும் சூடான காற்று நிற்கிறது, உள்ளே இருக்கும் பொருள் தண்ணீர் ஊற்றாமல் மெதுவாக வேகிறது. கோழியை ஓவனில் வைப்பவர்கள் பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூடு வைப்பார்கள்.

நம் பாத்திரத்துக்கும் ஓவனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். மூடி போட்டால் கோழியிலிருந்து வரும் நீராவி வெளியே போகாது, அதனால் கறி வேகும், ஆனால் மேலே சிவக்காது. சிவக்க வேண்டும் என்றால் கடைசியில் மூடியைத் திறந்து ஈரத்தைப் போக்க வேண்டும், இல்லையென்றால் மூடி மேல் கங்கு போட வேண்டும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

கறிக்கடையில் சொல்ல வேண்டியது

ஒரு கிலோ பிராய்லர் கோழி வாங்கினால், "குழம்புக்கு வெட்டுற மாதிரி வேணாம், எட்டு பத்து துண்டா பெருசா வெட்டுங்க" என்று சொல்லுங்கள். தொடையிலும் நெஞ்சுக்கறியிலும் எலும்பு வரை இரண்டு மூன்று கீறல் போடச் சொல்லுங்கள். கீறல் இல்லாவிட்டால் மேலே வெந்து எலும்புப் பக்கம் பச்சையாக நிற்கும். நான் முதல் தடவை கெடுத்தது இப்படித்தான்.

நாட்டுக்கோழி இதற்கு வேண்டாம். பிராய்லர் ஆறு ஏழு வாரத்தில் கறிக்கு வந்துவிடுகிற இளங்கோழி, தண்ணீர் இல்லாமலே வெந்துவிடும். ஓடியாடி வளர்ந்த நாட்டுக்கோழிக்குத் தண்ணீரும் அதிக நேரமும் வேண்டும். சுட்டால் ரப்பர் மாதிரி இழுக்கும். அதைக் குழம்பாகவே வையுங்கள், அதற்கு இருக்கிற ருசி வேறு.

செய்கிற விதம்

ஒரு கிலோ கோழிக்குக் கெட்டித் தயிர் கால் கப், இஞ்சி பூண்டு விழுது 2 ஸ்பூன், மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், சோம்புத்தூள் அரை டீஸ்பூன், கொஞ்சம் மஞ்சள், தூள் உப்பு 2 டீஸ்பூன், அரை மூடி எலுமிச்சைச் சாறு, எண்ணெய் 2 ஸ்பூன். எல்லாவற்றையும் கலந்து கோழியில், முக்கியமாகக் கீறலுக்குள், நன்றாகத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். இந்த அரை மணியில் நீங்கள் முகம் கழுவி, தண்ணீர் பிடித்து, அரிசி களைந்து வைத்துவிடலாம்.

"காலையிலேயே தடவி வச்சுட்டுப் போகலாமா?" என்று கேட்பீர்கள். பிரிட்ஜ் இருந்தால் தாராளமாகச் செய்யலாம், இன்னும் நன்றாக ஊறும். பிரிட்ஜ் இல்லையென்றால் கூடவே கூடாது. பச்சைக் கறியை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, நம் ஊர் கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. தயிரும் மஞ்சளும் போட்டிருக்கிறோமே என்று நம்பி வைக்க வேண்டாம். அதெல்லாம் கிருமி பெருகுவதைத் தடுத்துவிடாது.

இனி அடுப்பு. தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, அதன் மேல் அடி கனமான பாத்திரத்தை வையுங்கள். இரும்புச் சட்டியோ கனமான அலுமினியக் குண்டானோ எதுவானாலும் சரி. தோசைக்கல் நெருப்பை நேராகப் படவிடாமல் பரத்திக் கொடுக்கும், அடிபிடிக்காது. பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, வட்டமாகத் தடிமனாக நறுக்கிய இரண்டு உருளைக்கிழங்கையும் இரண்டு பெரிய வெங்காயத்தையும் மெத்தை மாதிரி பரப்புங்கள். அதன் மேல் கோழித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். நன்றாகப் பொருந்துகிற மூடி போட்டு மேலே ஏதாவது கனமாக வையுங்கள். எங்கள் வீட்டில் அம்மியின் குழவிக்கு இந்த வேலை கிடைத்திருக்கிறது, அரைக்கிற வேலைதான் அதற்கு இப்போது இல்லையே!

ஐந்து நிமிடம் நடுத்தரமாக எரியவிட்டு, பிறகு சிம்மில் 35 முதல் 40 நிமிடம். இந்த நேரத்தில் கிண்ட வேண்டாம், திறந்து பார்க்க வேண்டாம். திறந்தால் சூடு போய்விடும். இதுதான் அந்தச் சகோதரி கேட்ட நாற்பது நிமிஷம். பிள்ளையின் நோட்டைப் பார்க்கலாம், சும்மா காலை நீட்டி உட்காரவும் செய்யலாம்.

பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கொஞ்சம் கூட்டி, துண்டுகளைத் திருப்பிப் போட்டுப் பத்து நிமிடம். சாறு வற்றி மசாலா கறியோடு ஒட்டி ஓரம் சிவக்கும். சாறு முழுவதும் வற்ற விடாமல் கொஞ்சம் நிற்கும்போதே இறக்கினால் சோற்றில் பிசைந்து கொள்ளலாம், தனியாகக் குழம்பு வேண்டியதில்லை. காலையில் வைத்த ரசம் இருந்தால் அதுவே அதிகம்.

விறகடுப்பு உள்ளவர்கள் இன்னும் கொடுத்து வைத்தவர்கள். சோறு வடித்த பிறகு தணல் சும்மாதானே கிடக்கிறது? மண் சட்டியிலோ இரும்புச் சட்டியிலோ இதே மாதிரி அடுக்கித் தணல் மேல் வைத்து, இரும்புத் தட்டாலோ மண் மூடியாலோ மூடி, அதன் மேல் நாலு கங்கு போடுங்கள். மேலும் கீழும் சூடு வருவதால் திறக்காமலே சிவந்துவிடும். மெல்லிய அலுமினியத் தட்டு வேண்டாம், நெளிந்து போகும்.

அரைக் கிலோ மட்டும் செய்வதானால் கேக் செய்கிற உப்பு முறையும் உண்டு. பழைய குண்டானில் ஓர் அங்குல உயரம் கல் உப்பு கொட்டி, நடுவில் ஒரு வளையம் வைத்து, மூடி பத்து நிமிடம் காய விடுங்கள். உப்பு படபடவென்று வெடிக்கும், பயப்பட வேண்டாம், மூடி மட்டும் இருக்கட்டும். மசாலா தடவிய துண்டுகளை ஒரு தட்டில் வைத்து வளையத்தின் மேல் இறக்கி மூடி, 40 முதல் 45 நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். அந்த உப்பை ஆற வைத்து டப்பாவில் போட்டு அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம், குழம்புக்குப் போட வேண்டாம்.

பிரஷர் குக்கரை இதற்குப் பயன்படுத்தினால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். நான் வெயிட்டை எடுத்தேன், கேஸ்கெட்டை மறந்துவிட்டேன். தண்ணீர் இல்லாத சூட்டில் ரப்பர் உருகி, வீடு முழுக்க டயர் கொளுத்தின நாற்றம். அரைக் கிலோ கறி குப்பைக்குப் போனது. வீட்டில் இரண்டு நாள் அதையே சொல்லிக் காட்டினார்கள். நான்ஸ்டிக் பாத்திரமும் வேண்டாம். வெறுமனே அதிகமாகக் காய்ந்தால் அதன் பூச்சிலிருந்து கெட்ட புகை வரும்.

வெந்துவிட்டதா?

தொடைக் கறியில் எலும்பை ஒட்டி ஒரு கத்தி முனையால் குத்துங்கள். வருகிற சாறு தெளிவாக இருக்க வேண்டும், கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வர வேண்டும். சாறு இளஞ்சிவப்பாக இருந்தால் மறுபடி மூடிப் பத்து நிமிடம். கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால்தான் கிருமி சாகும் என்பது கணக்கு. சில சமயம் நன்றாக வெந்த பிறகும் எலும்பு ஓரம் கறுஞ்சிவப்பாக இருக்கும். இளங்கோழியின் எலும்புச் சாறு கசிவதால் வருவது அது. கறி வெந்து சாறு தெளிவாக இருந்தால் அதைப் பார்த்துத் தூக்கிப் போட வேண்டாம்.

கழுவுவது பற்றியும் ஒரு வார்த்தை. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியைக் கழுவினால் தண்ணீர் தெறிக்கிற இடமெல்லாம் கிருமியும் தெறிக்கும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள். காய்கறியை முதலில் நறுக்கிவிட்டுக் கடைசியாகக் கோழியைத் தொடுங்கள். அரிவாள்மனையையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

துண்டை எண்ணலாம்

இந்தச் சமையலில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபம் கிடைத்தது. குழம்பு வைத்தால் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில் சட்டியை வழிக்கிறவர் யார்? நாம்தான். கழுத்தும் ரெண்டு கரண்டி சாறும் மிஞ்சும். "அம்மாவுக்கு கழுத்துதான் புடிக்கும்" என்று பிள்ளைகள் நம்புகிற அளவுக்கு ஆகிவிட்டது! சுட்ட கோழியில் துண்டு கண்ணுக்குத் தெரிகிறது. எட்டு துண்டு, நாலு பேர், ஆளுக்கு இரண்டு. அம்மாவின் இரண்டு குறைந்தால் எல்லோருக்கும் தெரியும்.

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கும் மேல் இரத்தசோகை இருந்தது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும், வெந்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் கிடைக்கும். ஆனால் கோழிக்கறியில் இரும்புச்சத்து குறைவுதான். அது ஈரலில்தான் அதிகம். கடைக்காரரிடம் கேட்டு ஈரலையும் வாங்கி, கடைசி பதினைந்து நிமிடத்தில் ஓரமாக வைத்து நன்றாக வேகவிடுங்கள். கர்ப்பிணிகள் மட்டும் ஈரல் சாப்பிடும் முன் டாக்டரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சேர்வது கூடும்.

அப்போ ஓவன் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. கேக், பிஸ்கட் செய்து விற்கப் போகிற உறுப்பினருக்கு அது தொழில் கருவி, கடன் வாங்கலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மைக்ரோவேவ் சூடுதான் பண்ணும், கோழியைச் சிவக்க வைக்காது. கடையில் இரண்டையும் ஓவன் என்றுதான் சொல்வார்கள். சுடுவதற்கு உள்ளே கம்பி சிவந்து எரிகிற வகையோ, கன்வெக்ஷன் என்று போட்ட வகையோ வேண்டும். 1,200 வாட் ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் எரிந்தால் 1.2 யூனிட் கரண்ட். வீட்டு வயரிங் அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கோழி சுடுவதற்கு மட்டும் என்றால், அடுப்படியில் இருக்கிற தோசைக்கல்லும் குண்டானும் போதும்.

அந்த உறுப்பினருக்கும் இதைத்தான் சொல்லிச் செய்து காட்டினேன். கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு திருத்தம் சொன்னார். ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைத் தயிரில் கலந்தால் மசாலா வழியாமல் கறியில் பிடிக்கும் என்று. செய்து பார்த்தேன், சரிதான்.

மிச்சமிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் கறியைப் பிய்த்து, வெங்காயம் வதக்கி, நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கிச் சப்பாத்திக்கு வைக்கலாம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மிச்சம் வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள்.