'துணைக்கு யாரு வர்றா?' - தனியே ஒரு பயணம்... வீட்டோடு இன்னும் நெருக்கம்!

'ரெண்டு நாள் தஞ்சாவூர் போயிட்டு வர்றேன்' என்று வீட்டில் யாராவது சொன்னால், 'என்ன பார்க்கப் போறே?' என்று கேட்பவர்கள் குறைவு. 'துணைக்கு யாரு வர்றா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். 'யாரும் இல்ல, நான் மட்டும்தான்' என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி இன்னும் சுவாரஸ்யமானது. 'ஏன்... ஏதாவது பிரச்னையா?'

நம் வீடுகளில் யாரும் தனியாகப் பயணம் செய்வதே இல்லையா என்ன? இன்டர்வியூவுக்கு, பரீட்சைக்கு, ஆபீஸ் மீட்டிங்குக்கு, மகளின் பிரசவத்துக்கு என்று தினமும் லட்சக்கணக்கானவர்கள் தனியாகத்தான் பஸ், ரயில் ஏறுகிறார்கள். அதையெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. காரணமே இல்லாமல், 'எனக்குப் போகணும்னு தோணுச்சு' என்று கிளம்பும்போதுதான் வீட்டில் புருவம் உயர்கிறது. வேலைக்காகத் தனியே போனால் பொறுப்பு, தனக்காகத் தனியே போனால் திமிர் என்பது எழுதப்படாத சட்டம்.

ஆனால், 'சோலோ ட்ரிப்' என்பது உறவுகளிடமிருந்து ஓடிப்போகும் பயணம் அல்ல. சரியாகத் திட்டமிட்டால், வீட்டில் இருப்பவர்களோடு இன்னும் ஆரோக்கியமாகப் பழகக் கற்றுக்கொடுக்கும் பயணம் அது. எப்படி?

தனிமை வேறு... தனித்திருப்பது வேறு!

டொனால்டு வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தைகள் நல மருத்துவர், மனப்பகுப்பாய்வு நிபுணராகவும் இருந்தவர். தனித்திருக்கும் திறன் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1958-ல் வெளியானது. அதன் சாரம் எளிமையானது. அம்மா அதே அறையில் ஏதோ வேலையாக இருப்பார். குழந்தை தன் பாட்டுக்கு ஒரு மூலையில் விளையாடிக்கொண்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் அம்மா இருக்கிறார் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறது. அந்த நம்பிக்கைதான், வளர்ந்த பிறகு பயமில்லாமல் தனித்திருக்கும் பக்குவமாக மாறுகிறது என்றார் வின்னிகாட்.

நாம் நினைப்பதற்கு இது நேர் எதிர். உறவு கசந்தவர்கள்தான் தனியே போவார்கள் என்று நினைக்கிறோம். 'நான் எங்க போனாலும் எனக்குன்னு ஆட்கள் இருக்காங்க' என்ற உறுதி உள்ளவர்களால்தான் நிம்மதியாகத் தனித்திருக்க முடியும். கூட்டத்துக்கு நடுவில் இருந்தும், பேச ஆள் இல்லாமல் தவிப்பதுதான் தனிமை. ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு மொபைலோடு உட்கார்ந்திருக்கும்போதும் அது வரும்.

'எத்தனை பேர்?' 'ஒருத்தர்தான்!'

தனிப் பயணத்தில் முதலில் கூச்சம் வருகிற இடம், சாப்பாட்டு மேஜை. 'எத்தனை பேர்?' என்று சர்வர் கேட்க, 'ஒருத்தர்தான்' என்று சொல்லும்போது எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல இருக்கும். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. அவரவர் இலையில் அவரவர் கவனம்.

அடுத்தது, 'என்ன சாப்பிடுறீங்க?' என்ற கேள்வி. மகனுக்குப் பிடித்த பூரி, கணவருக்குப் பிடித்த காரக்குழம்பு, மாமியாருக்கு உப்பு குறைத்து ரசம் என்று 25 வருடங்கள் சமைத்த ஒருவர், 'உங்களுக்கு என்ன பிடிக்கும்?' என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாமல் திணறுவார். அந்தப் பதிலைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான், தன்னோடு பழகுவதன் முதல் பாடம்.

இரண்டாவது பாடம், ஏதாவது சொதப்பும்போது வரும். குடும்பமாகப் போகும்போது பஸ்ஸைத் தவறவிட்டால் 'நீ கிளம்ப லேட் பண்ணினதாலதான்' என்பார்கள். ரூம் சரியில்லை என்றால் 'நீங்கதான் இந்த லாட்ஜைச் சொன்னீங்க' என்பார்கள். தனியே போனால் பழி போட ஆளே இல்லை. அப்போது மனதுக்குள் ஒரு குரல் கேட்கும். 'உனக்கு எதுவுமே ஒழுங்கா செய்யத் தெரியாது' என்கிறதா, 'பரவால்ல, அடுத்த பஸ்ல போலாம்' என்கிறதா? தன்னிடம் எரிந்து விழுபவர்கள், பிள்ளைகளிடமும் துணையிடமும் அதே குரலில்தான் பேசுகிறார்கள். அதை மாற்றப் பழக, யாரும் கவனிக்காத ஒரு பேருந்து நிலையம் நல்ல இடம்.

மூன்றாவது பாடம், 'வேண்டாம்' என்று சொல்வது. பக்கத்து சீட்காரர் பேச்சு கொடுத்தால் பேசலாம். 'எங்க தங்குறீங்க, தனியாவா வந்தீங்க?' என்று நோண்டினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. முகம் சுளிக்காமல், அதேசமயம் உறுதியாக மறுக்கும் இந்தப் பழக்கம், ஊர் திரும்பிய பிறகு ஆபீஸிலும் உறவினர் வீட்டு விசேஷத்திலும்கூடக் கைகொடுக்கும்.

ஒரே ஒரு கைப்பையோடு உலகைச் சுற்றியவர்

'பெண்ணுக்குத் துணை வேண்டாமா?' என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையின் நிருபராக இருந்தவர் நெல்லி பிளை. ஜூல்ஸ் வெர்ன் தன் நாவலில் 80 நாள்களில் உலகைச் சுற்றியதாக எழுதியதை, அதைவிடக் குறைந்த நாள்களில் நிஜமாகவே செய்து காட்டுகிறேன் என்றார். 'பாதுகாப்புக்கு ஓர் ஆள் வேண்டும், பெண்கள் என்றால் பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வேறு இருக்கும்' என்று அலுவலகத்தில் தயங்கினார்கள்.

1889 நவம்பர் 14-ல், ஒரே ஒரு சிறிய கைப்பையோடு 25 வயது நெல்லி தனியாகக் கப்பல் ஏறினார். வழியில் பிரான்ஸில் ஜூல்ஸ் வெர்னையே சந்தித்தார். அடுத்த கப்பலுக்காகக் கொழும்பில் ஐந்து நாள்கள் காத்துக்கிடந்தார். 1890 ஜனவரி 25-ல் பயணத்தை முடித்தபோது 72 நாள்கள்தான் ஆகியிருந்தன. துணைக்கு ஆள் இல்லாமல் கிளம்பியவர், வழி முழுக்கக் கப்பலிலும் ரயிலிலும் புதிய மனிதர்களோடு பேசிப் பழகித்தான் உலகைச் சுற்றினார்.

'நான் இல்லாமலும் வீடு ஓடுது!'

தனிப் பயணத்தில் யாரும் வெளியே சொல்லாத ஒரு வலி உண்டு. அது, புது ஊரில் வரும் பயம் அல்ல.

52 வயது அம்மா ஒருவர் முதல்முறையாக மூன்று நாள்கள் தனியே கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜில் மாவு, டப்பா டப்பாவாகக் குழம்பு, கதவில் ஒட்டிய குறிப்புகள். ரயில் ஏறியதிலிருந்து 'கேஸை ஆஃப் பண்ணியா?', 'பால்காரருக்குக் காசு கொடுத்தீங்களா?' என்று போன் மேல் போன். இரண்டாவது நாள், வீட்டிலிருந்து பதில் வருகிறது. 'எல்லாம் நல்லா போகுதும்மா, நீ கவலைப்படாம சுத்திப் பாரு.'

கேட்க நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால், சுருக்கென்று குத்தும். நான் இல்லாமலும் வீடு ஓடுகிறது என்றால், இத்தனை வருடம் நான் செய்ததற்கு என்ன மதிப்பு?

அந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் கொஞ்ச நேரம் அதோடு உட்கார வேண்டும். 'நான் இல்லாவிட்டால் நடக்காது' என்பதையே அன்புக்கு அடையாளமாக வைத்திருந்தால், உடல் தளரும்போது அந்த உறவும் தளர்ந்துவிடும். 'நீ இல்லாமலும் வேலை நடக்குது, ஆனா நீ இருந்தா வீடு நல்லா இருக்கு' என்பதுதான் ஆரோக்கியமான அன்பு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த மூன்று நாள்கள் பாடம்தான். துவரம் பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது மகனுக்குத் தெரிய வரும். காலையில் ஒரு டிபன் மேஜைக்கு வருவதற்குள் எத்தனை வேலைகள் என்று கணவருக்குப் புரியும்.

இது பெண்களுக்கு மட்டுமான விஷயமும் அல்ல. மனைவி எடுத்து வைத்த சட்டை, மனைவி நினைவூட்டிய மாத்திரை என்று வாழ்ந்த ஆண்கள், ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகோ துணையை இழந்த பிறகோ கையறு நிலையில் நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். தன் பெட்டியைத் தானே அடுக்கி, தன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டு இரண்டு நாள்கள் வெளியூரில் இருந்து வருவது, அப்பாக்களுக்கும் தேவையான பயிற்சி.

சொல்லிவிட்டுப் போங்கள்!

ஒரு சண்டைக்குப் பிறகு, போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டுக் கிளம்புவது பயணம் அல்ல, தண்டனை. திரும்பி வரும்போது அதே சண்டை வாசலில் காத்திருக்கும். வீட்டில் வன்முறை இருந்தால் அதற்குத் தீர்வு சுற்றுலா அல்ல, 181 பெண்கள் உதவி எண். மனம் மிகவும் சோர்ந்து, வாழவே பிடிக்காத நிலையில் இருப்பவர்கள் தனியே கிளம்ப வேண்டாம். அரசின் 'டெலி மானஸ்' எண்ணான 14416-ல் எந்த நேரமும் பேசலாம்.

இந்திப் படமான 'குயின்' பார்த்தவர்களுக்கு ராணியை நினைவிருக்கும். கல்யாணம் நின்றுபோன பிறகு, தேனிலவுக்கு எடுத்த டிக்கெட்டில் தனியாகவே பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போவார். திரும்பி வந்து, தன்னை வேண்டாம் என்றவரைப் பழிவாங்க மாட்டார். மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு நடப்பார். கோபத்தோடு போனவர், கோபம் தேவைப்படாதவராகத் திரும்புகிறார்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லும் விதமும் முக்கியம். 'போகட்டுமா?' என்று கேட்பது அனுமதி. 'போறேன், கேட்காதீங்க' என்பது அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. 'இந்த ரெண்டு நாள் நான் தனியா போயிட்டு வரணும்னு ஆசைப்படுறேன். உங்களுக்கு எதுல பயம்னு சொல்லுங்க, பேசுவோம்.' பயம் என்னவென்று தெரிந்தால் பாதிக்கு விடை கிடைத்துவிடும். காலையில் ஒரு மெசேஜ், இரவு ரூமுக்கு வந்ததும் ஒரு போன் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். மணிக்கு ஒரு போட்டோ, நாள் முழுக்க லைவ் லொகேஷன் என்று போனால், உடல் மட்டும்தான் வெளியூரில் இருக்கும்.

முதல் பயணம் இப்படி இருக்கலாம்!

முதல் முறையே இமயமலை வேண்டாம். மொழி தெரிந்த, பகலில் சுற்றக்கூடிய ஊராக, ஒன்றிரண்டு நாள்களில் முடிவதாக இருக்கட்டும். உதாரணத்துக்கு, தஞ்சாவூர். சென்னையிலிருந்து இரவு 'உழவன் எக்ஸ்பிரஸ்' ஏறினால் காலையில் போய்விடலாம். 1010-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கோயில், அரண்மனை வளாகத்தில் உள்ள ஐம்பொன் சிலைகள், சரஸ்வதி மகால் நூலகம். மறுநாள் கும்பகோணம் பஸ் பிடித்தால் தாராசுரம்.

இதில் உண்மையான தேர்வு, மதியம் நடை சாத்திய பிறகு மாலை திறக்கும் வரையிலான அந்த வெற்று நேரம்தான். செய்ய எதுவும் இருக்காது, பேச ஆள் இருக்காது, கை தானாக மொபைலைத் தேடும். அரை மணி நேரம் அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, ஒரு மர நிழலில் உட்கார்ந்து பாருங்கள். மனதில் முதலில் யார் முகம் வருகிறது, யாரிடம் பேச வேண்டியதைப் பேசாமல் வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் அப்போதுதான் மேலே வரும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* தங்கும் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்து, முகவரியை வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். புது ஊருக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

* தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென ஆறு பெர்த்கள் தனி ஒதுக்கீட்டில் உண்டு. தனியாகச் செல்பவர்கள் டிக்கெட் எடுக்கும்போது இதைத் தேர்வு செய்யலாம்.

* ரயிலில் எந்த உதவிக்கும் 139, அவசரத்துக்கு 112. தமிழகத்தில் இருப்பவர்கள் 'காவல் உதவி' செயலியை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

* பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் தீர்ந்தால் யுபிஐயும் கிடையாது. கொஞ்சம் ரொக்கமும் பவர் பேங்கும் அவசியம்.

* ஊரில் இருக்கும்போதே சோஷியல் மீடியாவில் இருப்பிடத்தைப் பதிவிட வேண்டாம். போட்டோக்களைத் திரும்பி வந்து போடலாம்.

திரும்பி வந்த பிறகு...

பயணத்தின் பலன் தெரிவது வீட்டு வாசலில்தான். உள்ளே நுழைந்ததும், 'ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க?' என்று சிங்க்கைப் பார்த்துக் கத்தினால், போன பயணம் வீண். இரண்டு நாளில் அவர்கள் கற்றுக்கொண்ட வேலையை உடனே பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். மகன் டீ போடப் பழகியிருந்தால், அது தொடரட்டும்.

பார்த்ததைச் சொல்லுங்கள். வழிதவறியதையும் சொல்லுங்கள். மர நிழலில் நினைவுக்கு வந்த அந்த ஒருவருக்கு ஒரு போன் போடுங்கள். முக்கியமாக, வீட்டில் மற்றவர்களுக்கும் இதே இரண்டு நாள் விடுப்பு உண்டு என்பதை நீங்களே அறிவியுங்கள். பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மாமியாரோ, பழைய நண்பரைப் பார்க்க ஆசைப்படும் அப்பாவோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த டிக்கெட்டை அவர்கள் பெயரில் போடுங்கள்!