சுமை இறங்கும் இடம்

திருவனந்தபுரத்துத் தமிழர்களாகிய நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்களில் முதலில் வருவது மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. இன்று பாளையத்தில் யூனிவர்சிட்டி காலேஜ் என்று நிற்கிறதே, அந்த அன்றைய மகாராஜா கல்லூரியில் அவர் தத்துவம் கற்பித்தார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே கல்லூரியில் 1880களில் தமிழ் கற்பித்த இன்னொரு பிள்ளையை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அவர்தாம் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படும் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை.

நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டு, வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவ சமயத்தோடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். 1894-இல், தம் அறுபத்தேழாம் வயதில், 3,700க்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை நூலாக வெளியிட்டார். 1900-இல் மறைந்தார்.

பாவத்திலிருந்து விடுதலை, ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் என்று கிறித்தவர்கள் அடிக்கடி சொல்கிறார்களே, அதற்கு என்னதான் பொருள் என்று பிற சமய நண்பர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. அதற்கு நான் இந்தக் காப்பியத்தைக் கொண்டே பதில் சொல்வது வழக்கம். ஏனென்றால், அது அயல்நாட்டுச் சரக்கை நம் மண்ணின் பாத்திரத்தில் வைத்துக் கொடுத்த நூல்.

மூலக்கதை ஆங்கிலேயரான ஜான் பனியன் எழுதியது, 1678-இல் வெளிவந்தது. அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தார் என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் அவர். முதுகில் பெருஞ்சுமையோடு ஒரு மனிதன் தன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். அந்தச் சுமைதான் பாவம். அதை அவனால் இறக்க முடியவில்லை. கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் சுமை இறங்கிவிடும் என்று ஒருவர் வழி காட்டுகிறார். அந்த வழியில் போனால் ஒரு மலை தலைமேல் விழுவதுபோல் அச்சுறுத்துகிறது, சுமையோ முன்னிலும் கனக்கிறது. கடைசியில் சிலுவையின் முன் வந்து நிற்கும்போது, அவன் கை வைக்காமலே கட்டு அவிழ்ந்து சுமை உருண்டோடி ஒரு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது.

இதில் முதல் கேள்வி, பாவம் என்றால் என்ன என்பது. நாம் சாதாரணமாகப் பாவம், புண்ணியம் என்று பற்று வரவுக் கணக்குப்போலப் பேசுகிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் பாவத்துக்கு உரிய சொல் 'ஹமார்த்தியா'. குறி தவறுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அதாவது, செய்த குற்றங்களின் பட்டியல் மட்டுமல்ல பாவம்; கடவுளை நோக்கியிருக்க வேண்டிய மனம் வேறு திசையில் போய்விட்ட நிலையும் பாவமே. வில்லே வளைந்துபோனால் அம்பைக் குறை சொல்லி என்ன பயன்? ஆகவேதான், நல்ல காரியங்களைக் கூட்டிக் கெட்டதைக் கழித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லுபடியாவதில்லை.

இரண்டாவது கேள்வி, சுமை எப்படி இறங்குகிறது என்பது. பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்ததை முதியவர்கள் அறிவார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் பிறர் உதவியில்லாமலே தலைச்சுமையை அதன்மேல் சாய்த்து, சும்மாட்டை எடுத்து உதறிவிட்டுச் சற்று நிற்பார்கள். மலையாளத்தில் அதற்கு அத்தாணி என்று பெயர். ஆலுவா பக்கம் ஓர் ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சுமைதாங்கி பெரிய உபகாரம்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அதே சுமையை அதே தலையில் ஏற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். லீவு எடுப்பது, சிநேகிதரிடம் மனம்விட்டுப் புலம்புவது எல்லாம் இந்தச் சுமைதாங்கிபோல. கிறித்தவ விசுவாசம் சொல்வது வேறு: என் சுமையை இயேசு தம்மேல் ஏற்றுக்கொண்டு சிலுவையில் அதற்கு விலை கொடுத்துவிட்டார், நான் அதைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

வைணவராக வளர்ந்த கிருஷ்ண பிள்ளைக்கு அருளைப் பற்றிய பேச்சு புதிதல்ல. குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். தென்கலையார் இந்த இரண்டாவது நியாயத்தைச் சொல்லித்தான் சரணாகதியை விளக்குவார்கள். ஆக, 'உன் முயற்சியால் அல்ல, அவன் அருளால்' என்பது நம் மரபும் அறிந்த உண்மை. அந்த அருளுக்குக் கொடுத்த விலையைச் சிலுவையில் காண்பதுதான் கிறித்தவத்தின் தனிச் செய்தி.

"அப்படியானால் எதையும் செஞ்சுட்டு மன்னிப்புக் கேட்டாப் போதுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சகேயு என்னும் வரி வசூல் தலைவனின் கதை இதற்கு விடை. இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். ஊரார் முணுமுணுத்தார்கள். அவனோ எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். கவனியுங்கள்: திருப்பிக் கொடுத்ததனால் அவன் ஏற்றுக்கொள்ளப்படவில்லை, ஏற்றுக்கொள்ளப்பட்டதனால் திருப்பிக் கொடுத்தான். மன்னிப்பு கடனை மறக்கச் செய்வதில்லை, கடனைத் தீர்க்கும் மனதைத் தருகிறது.

இனி இளைப்பாறுதல். தமிழ் வேதாகமம் கையாளும் அழகான சொல் இது. இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறுதல். ஓய்வு வேறு, இது வேறு. நம்மில் பென்ஷன் வாங்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "ஓய்வு கிடைச்சுது, இளைப்புத்தான் ஆறல" என்பார்கள். வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைக்கும் இடத்தில், இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன கையோடு, தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். நுகம் உழுகிற மாட்டுக்கு உரியதல்லவா! ஆகவே இளைப்பாறுதல் என்பது வேலையற்றிருப்பது அல்ல. யாரோடு சேர்ந்து இழுக்கிறோம் என்பதில் இருக்கிறது அது.

பனியன் கதையிலும் சுமை விழுவது பயணத்தின் முற்பகுதியிலேயே. அதற்குப் பிறகுதான் ஏற்றமான மலையும், மாயச் சந்தையும், சந்தேகக் கோட்டையும், கடைசி ஆறும் வருகின்றன. வழி எளிதாகவில்லை; முதுகு நிமிர்ந்தது. நம் திருவிதாங்கூரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மார்த்தாண்ட வர்மாவின் அரசில் பணிபுரிந்த நீலகண்ட பிள்ளை, துன்பத்தில் இருந்தபோது டச்சுத் தளபதி டி லனாய் வாயிலாக யோபுவின் கதையைக் கேட்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் அவருக்குக் கிடைத்தது சிறையும் சித்திரவதையும். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். 2022-இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். வெளியே அமைதியே இல்லாத அந்த ஆண்டுகளில் அவர் பின்வாங்கவில்லை என்றால், உள்ளே ஏதோ ஓர் இளைப்பு ஆறியிருந்தது என்றுதானே பொருள்?

கிருஷ்ண பிள்ளையும் 1858-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். சமயம் மாறியவர் தமிழை மாற்றிக்கொள்ளவில்லை. கம்பனிடம் கற்ற விருத்தத்திலேயே தாம் கண்ட விடுதலையைப் பாடினார். எந்தச் சமயத்தவரானாலும், மாநிலம் கடந்து வாழும் நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஒரு மாலையாவது இந்தக் காப்பியத்தின் கதையைச் சொல்லுங்கள். கூடவே, "உன் முதுகில் என்ன சுமை இருக்கிறது?" என்று அன்போடு கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் யாத்திரை தொடங்குகிறது.