தரவுத்தளமும் நினைவகப் பங்கீடும்



புதுக்குடியிருப்பு முதலிய வன்னி ஊர்களிலே பதிவேடு என்னும் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 2009 ஆம் ஆண்டுப் போரின் இறுதிக்கால இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் இழந்தோர் பலர். இன்று பிள்ளைகளின் பதிவுகள் கணினித் தரவுத்தளங்களில் ஏறுகின்றன. அவற்றைக் காக்கும் சேவையகம் திடீரென நின்றுவிடின் செய்யத்தக்கது யாது?

பரவலாக வழங்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். அடிக்கடி வேண்டப்படும் தரவுகளை அது வன்தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்திருக்கும். அவ்விடத்தை இடைத்தேக்கம் எனலாம். அதன் இயல்பான அளவு 128 மெகாபைட். அதனைப் பெருக்கினால் வேகம் கூடும் என்பது மெய்யே. ஆயினும், 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் எட்டையும் அதற்கே ஒதுக்குவது, களஞ்சியத்து நெல் முழுவதையும் விதைத்துவிட்டு அடுப்பில் வெறும் உலை வைப்பதை ஒக்கும். பணிசெயல் முறைமைக்கும் பங்கு வேண்டும். ஒவ்வோர் இணைப்புக்கும் பங்கு வேண்டும். தரவுகளை வரிசைப்படுத்த ஓர் இணைப்புக்கு 16 மெகாபைட் என வைத்தால், இயல்பான உச்சவரம்பாகிய 151 இணைப்புகளும் ஒருங்கே அவ்வேலையில் இறங்கும்போது ஏறத்தாழ 2.4 ஜிகாபைட் செலவாகிவிடும்.

இதனால் விளையும் கோளாறு இருவகைப்படும். ஒன்று, சேவையகம் தொடங்கவே மறுப்பது. நினைவகம் கிடைக்கவில்லை என்றோ, அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை உண்டு என்றோ அதன் பிழைப் பதிவேடு சொல்லும். மற்றொன்று, நன்கு தொடங்கி, வேலை மிகுந்த வேளையிலே வீழ்வது. நினைவகம் வற்றியதும் லினக்ஸ் முறைமை பெருந்தீனிக்காரனைத் தேடி நிறுத்திவிடுகிறது. அப்பொழுது தரவுத்தளத்தின் பதிவேட்டிலே காரணம் இராது. முறைமையின் பதிவேட்டிலேதான் பார்த்தல் வேண்டும்.

பரிகாரம் எளிது. கடைசியாக மாற்றிய அளவைப் பழையபடி வைத்து மீண்டும் தொடக்குக. பின்னர் ஒரு வேளையில் ஓர் அளவை மாத்திரம், சிறிது சிறிதாக மாற்றி, வேலை மிகுந்த நாளில் கவனித்துப் பார்க்குக. தரவுத்தளத்திற்கென்றே ஒதுக்கிய கணினியிலும் இடைத்தேக்கம் நினைவகத்தின் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டாதிருத்தல் நலம். பிற வேலைகளும் நடக்கும் கணினியில் அதனினும் மிகக் குறைவாக இருக்கட்டும்.

ஒன்றை மாத்திரம் செய்யற்க. பதற்றத்தில் தரவுக் கோப்புகளையோ மீட்புக் குறிப்புக் கோப்புகளையோ அழித்துவிடலாகாது. இடையில் நின்ற வேலையைச் சேவையகம் மறுதொடக்கத்தின்போது தானே சீர்செய்துகொள்வது அக்கோப்புகளைக் கொண்டேயாகும். எதனையும் தொடுமுன் அவற்றுக்கு ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் அறிவுடைமை. நின்ற இயந்திரம் மீண்டும் ஓடும். அழிந்த பதிவு தானே மீளாது. அதன் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ?