கார்ச் சாவி தொலைந்தால்: செலவும் அபாயமும் பரிகாரமும்

மோட்டார் காரின் சாவி வெறும் உலோகத் துண்டாக இருந்த காலத்தில், அது தொலைந்துபோனால், கடைத்தெரு ஓரத்தில் அரமும் பழைய சாவிக் கொத்துமாக உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போய், சொற்பக் கூலி கொடுத்து, சிறிது நேரத்தில் வேறொன்று செய்துகொண்டு வீடு திரும்பிவிடலாம். இன்றோ அதே காரியத்துக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொல்லும் தொகையைக் கேட்டு நடுத்தரக் குடும்பத்தவர் திகைத்து நிற்கிறார்கள். சிலர் வேறு வழியில்லை என்று கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள், வேறு சிலர் முன்பின் அறியாத யாரையோ அழைத்து வண்டியை அவர் கையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். அந்தச் சாவிக்குள் என்ன இருக்கிறது, அதைப் புதிதாகச் செய்வதில் எந்த வேலை அவசியம், எது அநாவசியம் என்பது தெரிந்திருந்தால், இவ்விரண்டு நஷ்டங்களையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். புதிய சாவி செய்துகொள்வது காரியத்தில் பாதிதான் என்பதையும், தொலைந்த சாவியைச் செல்லாததாக்குவது மறுபாதி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாவிக்குள் இருக்கும் சிப்

1990-களில் ஐரோப்பாவில் கார்த் திருட்டு பெருகி, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டம் தாங்காமல் வற்புறுத்தியதன் பயனாக, பூட்டைத் திறந்தாலும் என்ஜின் கிளம்பாதபடி தடுக்கும் இமொபிலைசர் என்னும் சாதனம் பரவலாயிற்று. 1998 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. நம் நாட்டுச் சாலைகளில் இன்று ஓடும் பெரும்பான்மையான கார்களிலும் அது இருக்கிறது.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பாட்டரி வேண்டாத ஒரு சிறு சிப் வைக்கப்பட்டிருக்கும். சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பும்போது, பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில், அந்தச் சிப்புக்குச் சக்தியூட்டி அதை விசாரிக்கிறது. கோட்டை வாயிலில் நிற்கும் காவலன் சங்கேதச் சொல்லைக் கேட்பதைப்போல் காரின் கட்டுப்பாட்டு யந்திரம் கேள்வி கேட்க, சரியான பதிலைச் சிப் தந்தால்தான் என்ஜினுக்கு எரிபொருள் செல்ல அனுமதி கிடைக்கும். இல்லாவிட்டால் என்ஜின் கிளம்பாது, அல்லது கிளம்பிய மறுகணமே நின்றுவிடும். ஆகையால் சாவியின் பற்களை எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும், கதவு திறக்குமேயன்றி வண்டி ஓடாது. புதிய சிப்பைக் காரின் நினைவில் பதியவைப்பதற்குத்தான் ‘புரோகிராமிங்’ என்றும் ‘கோடிங்’ என்றும் சாவிக்காரர்கள் பெயர் சொல்கிறார்கள். செலவின் பெரும்பகுதி அங்கேதான் உண்டாகிறது.

சாவியிலும் தரபேதம் உண்டு. சிப் இல்லாத சாதாரணச் சாவி, சிப் மட்டும் உள்ள சாவி, கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட் சேர்ந்த சாவி, பொத்தானை அழுத்தி என்ஜினைக் கிளப்பும் கார்களுக்குரிய ஸ்மார்ட் சாவி என நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை சில நூறு ரூபாயில் முடியும். சிப் சாவிக்கும் ரிமோட் சாவிக்கும் சில ஆயிரங்கள் ஆகும். ஸ்மார்ட் சாவியோ பல மாடல்களில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். தம் கார் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறியாமல் விலை பேசப் புகுகிறவர் ஏமாறுவதற்கு இடம் கொடுக்கிறார்.

சாவி வேலை செய்யாமல் போவதெல்லாம் சாவி கெட்டுப்போனதாகாது. ரிமோட்டின் பாட்டரி தீர்ந்திருந்தால் புதிய பாட்டரி போதும். ஸ்மார்ட் சாவியின் பாட்டரி தீர்ந்தாலும், அதற்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, பல மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பொத்தானின்மேல் ஒட்டிவைத்து அழுத்தினால் என்ஜின் கிளம்பும். உரிய இடம் எது என்பது காருடன் தந்த கையேட்டில் இருக்கும். மேலுறை உடைந்ததற்காகவும் புதிய சாவி வாங்க வேண்டியதில்லை. பழைய சிப்பையும் உள்பலகையையும் புதிய உறைக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு சாவியாவது மிஞ்சியிருக்கிறதா?

செலவு குறைவா அதிகமா என்பதை நிர்ணயிக்கும் முதற்கேள்வி இதுவே. வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருந்தால், அதன் பற்களைப் பார்த்துப் புதியதை வெட்டவும், அதை வைத்துப் புதிய சிப்பைப் பதியவும் எளிது. சில மாடல்களில் பழைய சிப்பை நகலெடுத்தே காரியத்தை முடித்துவிடலாம். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டாலோ, வண்டியை இழுத்துச் செல்லும் கூலி, பூட்டைக் கொண்டு பற்களின் அளவைக் கண்டறியும் வேலை, காரின் ரகசிய எண்ணைப் பெறும் வேலை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செலவு ஏறி, சில மாடல்களில் கட்டுப்பாட்டு யந்திரத்தையே கழற்றி அதன் நினைவைப் படிக்க நேரும்.

இந்த இடத்தில், புதிய கார் வாங்கும்போது சாவிக் கொத்தில் தொங்கும் சிறு தகடு மிகுந்த பிரயோஜனமுடையதாகிறது. பற்களை வெட்டுவதற்குரிய எண் பல கம்பெனிகளின் கார்களில் அந்தத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். சில கம்பெனிகள் இமொபிலைசரின் ரகசிய எண்ணையும் ஓர் அட்டையில் அச்சிட்டுத் தருவதுண்டு. அவற்றைக் காரின் உள்ளறையில் போட்டுவைப்பதும், சாவியோடு சேர்த்தே மாட்டிவைப்பதும் அவற்றைத் திருடனுக்குத் தானம் செய்வதாகும். வீட்டில் பத்திரங்களோடு வைப்பதே கிரமம்.

கம்பெனியா, வெளிச் சாவிக்காரரா?

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்.சி. புத்தகத்தையும் உரிமையாளரின் அடையாளச் சான்றையும் கேட்பார்கள்; சேஸிஸ் எண்ணைக் கொண்டு சாவியைத் தருவித்துப் பதிந்து கொடுப்பார்கள். விலையும் அதிகம், காத்திருக்கும் நாட்களும் அதிகம். வெளிச் சாவிக்காரர்களிலோ, டாஷ்போர்டுக்குக் கீழேயுள்ள பதினாறு முனைச் சாக்கெட்டில் தம் கருவியைப் பொருத்தி, வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து, குறைந்த செலவில் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வாரண்டிக் காலத்துக்குள் இருக்கும் புதிய ஸ்மார்ட் சாவிக் கார்களுக்குக் கம்பெனியையும், சில வருஷம் ஓடிய சிப் சாவிக் கார்களுக்கு நற்பெயருள்ள வெளிச் சாவிக்காரரையும் நாடுவது பொதுவாக விவேகம்.

யாரிடம் போனாலும், சாவியின் விலை, வெட்டுகூலி, புரோகிராமிங் கூலி என்ற மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்க வேண்டும். பூட்டு செட் முழுவதையும், கட்டுப்பாட்டு யந்திரத்தையும் மாற்றினால்தான் முடியும் என்று சொன்னால், அதற்குரிய காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், வேறோர் இடத்தில் விசாரித்த பிறகே சம்மதம் கொடுங்கள். விலை மலிவு என்று இணையக் கடையில் பழைய ஸ்மார்ட் சாவியை வாங்குவது பல சமயங்களில் வீண். ஒரு காரில் பதிந்த சாவியை இன்னொரு காரில் பதிய முடியாதபடி பல கம்பெனிகள் பூட்டிவைத்திருக்கின்றன. அலைவரிசை பொருந்தாத ரிமோட்டும் அவ்வாறே உதவாது.

மலிவில் மறைந்திருக்கும் அபாயங்கள்

உங்களிடம் ஆர்.சி.யையும் அடையாளச் சான்றையும் கேட்காமலே சாவி செய்து தர முன்வருகிறவரைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். நாளை உங்கள் காருக்கு வேறொருவர் வந்து சாவி கேட்டாலும் அவர் அப்படியே செய்து கொடுப்பார். காரின் நினைவில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்பதைப் பெரும்பாலான மாடல்களில் புரோகிராமிங் கருவியின் திரையிலேயே பார்க்கலாம். வேலை முடிந்ததும் உடனிருந்து அந்த எண்ணைப் பாருங்கள். உங்கள் கையில் இரண்டு சாவியும் திரையில் மூன்றும் இருந்தால், மூன்றாவது எங்கே என்று கேட்க வேண்டியது உங்கள் கடமை. பழைய பதிவுகள் யாவற்றையும் அழித்து, கையிலிருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி பதியச் சொல்வதே தொலைந்த சாவியைச் செல்லாததாக்கும் முறை. அதற்கு மிஞ்சியிருக்கும் சாவிகள் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்பதை மறக்கலாகாது.

பதிவை அழித்துவிட்டால் பழைய சாவியால் என்ஜினைக் கிளப்ப முடியாதே தவிர, அதன் உலோகப் பற்கள் கதவை இன்னும் திறக்கும். விலாசம் எழுதிய காகிதங்களோடு, அல்லது கைப்பையோடு சாவி திருட்டுப் போயிருந்தால், கதவுப் பூட்டின் உள்ளமைப்பையும் மாற்றிவிடுவது நல்லது. காரின் பாட்டரி பலவீனமாக இருக்கும்போதோ, பொருந்தாத கருவியைக் கொண்டோ புரோகிராமிங் செய்தால், கட்டுப்பாட்டு யந்திரமே பழுதாகிச் சாவியின் விலையைப்போல் பல மடங்கு செலவு வைக்கக்கூடும் என்பதும் நினைவிலிருக்கட்டும். ஸ்மார்ட் சாவி வைத்திருப்போருக்கு மற்றோர் அபாயமும் உண்டு: வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சமிக்ஞையை இரண்டு திருடர்கள் கருவிகள் மூலம் வாசலில் நிற்கும் கார் வரைக்கும் நீட்டி வண்டியைக் கிளப்பிச் செல்லும் தந்திரம் பல நாடுகளில் நடந்திருக்கிறது. இரவில் சாவியை இறுக மூடிய உலோகப் பெட்டியில் வைப்பது அதற்கு எளிய தற்காப்பு.

சட்டம் தரும் உரிமைகள்

வெளியே சாவி செய்தால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று பயமுறுத்துவோர் உண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு 25-ஆம் தேதி அளித்த தீர்ப்பில், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்ததற்காகப் பதினான்கு கார்க் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, வெளியாரிடம் பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யலாகாது என்றும், அந்தப் பழுதுபார்ப்பினால் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் கூறியது. அபராதம் பற்றிக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆனால் ஆணையம் எடுத்துக்காட்டிய நியாயம் நுகர்வோர் கையாளத் தக்கது. ‘எந்த விதிப்படி வாரண்டி போகும்?’ என்று எழுத்தில் கேட்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

2020 ஜூலை முதல் அமலில் இருக்கும் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் விற்றோ சேவை செய்தோ பில் தராமலிருப்பதே நியாயமற்ற வர்த்தக நடைமுறைகளுள் ஒன்று. சாவி சில தினங்களில் கெட்டாலும், வேலை செய்தவர் காரைப் பழுதாக்கிவிட்டாலும், வழக்குக்கு ஆதாரமாகப் போவது அந்தப் பில்தான். முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் முறையிட்டு, பலனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள், வக்கீல் இல்லாமலும் புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது.

இன்ஷூரன்ஸும் போலீஸும்

சாவி தொலைந்தவுடன் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீதைப் பெற்றுக்கொள்வது பலவிதத்தில் உபகாரமானது. அந்தச் சாவியைக் கொண்டு எவரேனும் குற்றம் செய்தால் உங்கள் நிலைக்கு அது சாட்சி; சாவிக்கென்று பாலிசியில் தனி ‘ஆட்-ஆன்’ காப்பு எடுத்திருப்போரிடம் இன்ஷூரன்ஸ் கம்பெனி போலீஸ் அத்தாட்சியைக் கேட்பதும் வழக்கம். அந்த ஆட்-ஆன் இருந்தால் புதிய சாவியின் செலவைப் பாலிசியில் குறித்த வரம்புக்குள் திரும்பப் பெறலாம் என்பதையே பலர் அறியாமல் கைக்காசைச் செலவழித்துவிடுகிறார்கள். ஆகவே சாவி செய்வதற்கு முன்பே பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும்.

கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று மட்டுமே இருந்து, மற்றது எப்போது போயிற்று என்பதற்கு ரசீதோ கடிதமோ இல்லாவிட்டால், அஜாக்கிரதை என்று காரணம் காட்டி இழப்பீட்டுத் தொகையை மறுக்க இடமுண்டாகிறது. அத்தகைய மறுப்பு முடிவானதென்று எண்ணிச் சோர்ந்துவிட வேண்டாம். சாவியை வண்டியிலேயே விட்டுச் சென்றதாகச் சொல்லப்பட்ட ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் 75 சதவீதத் தொகையை வழங்கச் செய்திருக்கிறது. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால், கட்டணமின்றி இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

இன்றே செய்ய வேண்டியது

பழைய கார் வாங்குவோர் இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெறுவதும், ஒன்றுதான் என்றால் இன்னொன்று செய்யும் செலவை விலையில் கழித்துக்கொள்வதும், வாங்கியவுடன் பழைய பதிவுகளை அழிக்கச் செய்வதும் அவசியம். மற்றவர்களும் அலமாரியில் உறங்கும் இரண்டாவது சாவியை எடுத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, சாவித் தகட்டின் எண்ணை வீட்டுப் பத்திரங்களோடு குறித்து வையுங்கள். இரண்டாவது சாவி இல்லாதவர்கள், இருக்கும் ஒரே சாவி கைவசம் உள்ள இப்போதே இன்னொன்று செய்துகொள்ளுங்கள்; எல்லாச் சாவிகளும் போன பிறகு ஆகும் செலவில் ஒரு பங்குதான் இன்றைக்கு ஆகும்.