தரையில்லாத கோளுக்கு வானிலைக் கணக்கு

பூமியின் வானிலையைக் கணிக்கும் கணினிக்கு ஒரு வசதி உண்டு. காற்று எங்கே போய் முடிகிறது என்று அதற்குத் தெரியும். கீழே கடல் இருக்கிறது, மலை இருக்கிறது. வியாழனில் அந்தப் பேச்சே இல்லை. ஹைட்ரஜனும் ஹீலியமும் உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே போகும். பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும் அந்தக் கோளின் மேல் பட்டை பட்டையாகக் காற்று ஓடுகிறதே, அது எவ்வளவு ஆழத்துக்கு ஓடுகிறது?

1970களில் இதற்கு இரண்டு பதில்கள் வந்தன. பிரின்ஸ்டனில் கேரத் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர், பூமிக்கென்று எழுதிய கணினி மாதிரியில் வியாழனின் அளவையும் சுழற்சியையும் கொடுத்து ஓட்டினார். மெல்லிய படலம் போன்ற காற்றிலேயே பட்டைகள் தாமாக உருவாயின. ஃபிரெட்ரிக் புஸ்ஸே என்ற ஆய்வாளர் 1976இல் வேறு விதமாகச் சொன்னார்: கோளின் அச்சுக்கு இணையாக உள்ளே நீளும் உருளைகளின் வெளிமுனைகள்தாம் நம் கண்ணில் படும் பட்டைகள். அதையும் பிற்பாடு கணினியில் ஓட்டினார்கள். அதிலும் பட்டைகள் வந்தன! நிலநடுக்கோட்டில் கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்று மட்டும் புஸ்ஸே சொன்ன ஆழ மாதிரியில் எளிதாக வந்தது. வில்லியம்ஸின் மேலோட்ட மாதிரியில் அது மேற்கே திரும்பிக்கொண்டு அடம்பிடித்தது.

படம் ஒத்துப்போகிறது என்பதாலேயே மாதிரி சரியாகிவிடாது. அதுவும் இந்தக் கணக்குகளில் வாயுவின் பாகுநிலையை உண்மையைவிடப் பல மடங்கு கூட்டித்தான் ஓட்டுகிறார்கள். உண்மை மதிப்பைப் போட்டால் எந்தக் கணினியும் தாங்காது.

1995 டிசம்பரில் கலிலியோ விண்கலத்தின் ஆய்வுக் கருவி நேராக வியாழனுக்குள் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத் தகவல் அனுப்பியது. கீழே போனபோது காற்று தணியவில்லை, வலுத்தது. ஆழக் கட்சிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் கருவி போய் விழுந்ததோ மேகம் விலகிய, வழக்கத்துக்கு மாறான வறண்ட இடம். தவிர, அது தொட்டது சுமார் 150 கிலோமீட்டர். கோளின் ஆரமோ 70,000 கிலோமீட்டர்.

தீர்ப்பு ஜூனோவிடமிருந்து வந்தது. 2016இல் வியாழனை அடைந்த அந்த விண்கலம் கோளை நெருங்கி உரசிப் பறக்கும்போது, அதன் ரேடியோ அலையில் தெரியும் நுண்ணிய மாற்றத்தை வைத்து ஈர்ப்பு விசையின் வேறுபாடுகளை அளந்தார்கள். ஓடும் காற்று நிறையை இடம் மாற்றுமே! 2018இல் வெளியான முடிவு: பட்டைக் காற்றுகள் சுமார் 3,000 கிலோமீட்டர் வரை இறங்குகின்றன. மேலோட்டமும் இல்லை, மறுபுறம் வரை நீளும் உருளையும் இல்லை. பெருஞ்சிவப்புப் புள்ளி என்ற புயலோ 500 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்று 2021இல் தெரிந்தது.

இனி வியாழனுக்கு யார் மாதிரி எழுதினாலும், அழகான பட்டைகளைக் காட்டி மதிப்பெண் வாங்க முடியாது. இந்த இரண்டு ஆழங்களையும் காட்டியாக வேண்டும்.