குழாய்க்குள் குடியேறும் ஹைட்ரஜன்

கேரள, குமரிக் கடற்கரை மணலில் சிர்கான் என்றொரு கனிமம் உண்டு. மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கும் அந்தச் சிர்கானிலிருந்து கிடைக்கும் உலோகம் சிர்கோனியம். ஹைதராபாத்தில் 1971-இல் தொடங்கிய அணு எரிபொருள் வளாகம் அதை உருக்கி, இழுத்து, அணு உலைகளுக்கான அழுத்தக் குழாய்களாக ஆக்குகிறது. அந்தக் குழாய்க்கு உள்ளிருந்தே வரும் பகை ஒன்று உண்டு. அது ஹைட்ரஜன்.

உலோகச் சுவர் என்றால் காற்றுப் புகாது என்றே நினைக்கிறோம். ஹைட்ரஜன் விஷயத்தில் அது சரியல்ல. பழுக்கக் காய்ச்சிய இரும்பு, பிளாட்டினம் குழாய்களின் சுவர் வழியே ஹைட்ரஜன் கடந்து போவதை 1860-களிலேயே பிரெஞ்சு வேதியியலாளர்கள் தெவீலும் துரூஸ்டும் கண்டார்கள். அதே பத்தாண்டில் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், பல்லேடியம் என்ற உலோகம் தன்னைப்போல் பல நூறு மடங்கு கனஅளவு ஹைட்ரஜனை உள்ளிழுத்துக்கொள்வதைக் காட்டினார்.

எப்படி நுழைகிறது? மூலக்கூறாக அல்ல. உலோகத்தின் மேற்பரப்பைத் தொட்டதும் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகிறது. தேர்த் திருவிழாவில் பெரியவர்கள் தோளோடு தோள் இடித்து நிற்க, சிறு பையன் கால்களுக்கிடையே புகுந்து முன்வரிசைக்குப் போய்விடுவான் அல்லவா? அப்படித்தான் இந்த அணுவும் உலோக அணுக்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தாவுகிறது. சூடு ஏற ஏறத் தாவலும் வேகமாகிறது. மறுபக்கம் போனதும் இரண்டு அணுக்கள் சேர்ந்து மறுபடி வாயுவாகின்றன. இரண்டாகப் பிரிந்து நுழைவதால், வாயுவின் அழுத்தத்தை நான்கு மடங்காக்கினால் கரையும் அளவு இரண்டு மடங்குதான் கூடுகிறது.

இனி குழாய்க்கு வருவோம். 220 மெகாவாட் கனநீர் உலை ஒன்றில் இப்படிப்பட்ட அழுத்தக் குழாய்கள் 306. சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே ஏறக்குறைய 250 முதல் 293 பாகை செல்சியஸ் சூட்டில் கனநீர் ஓடுகிறது. சிர்கோனியம் அந்த நீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ள, மிஞ்சும் கன ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்துக்குள் போய்விடுகிறது. இரும்பாக இருந்தால் பெரும்பகுதி மறுபக்கம் வெளியேறிவிடும். சிர்கோனியத்தில் அது தங்கிவிடும். சூடாக இருக்கும்வரை கரைந்து கிடக்கும். உலை ஆறினால் கரைய இடமில்லாமல் ஹைட்ரைடு செதில்களாகப் படியும். உலோகம் அங்கே அப்பளம்போல நொறுங்கக்கூடியதாகிவிடும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. உலோகத்துக்குள் ஹைட்ரஜன் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். அழுத்தக் குழாயைச் சுற்றி, குளிர்ச்சியான கலாண்ட்ரியா குழாய் ஒன்று இருக்கிறது. இரண்டும் தொடாமலிருக்க இடையே சுருள் வளையங்கள் போட்டிருப்பார்கள். வளையம் இடம் பெயர்ந்து, குழாய் தொய்ந்து தொட்டுவிட்டால், அந்தக் குளிர்ந்த புள்ளியில் ஹைட்ரஜன் குவிந்து கொப்புளம் கட்டும். 1983 ஆகஸ்ட் 1-ஆம் தேதி கனடாவின் பிக்கரிங் இரண்டாம் உலையில் அப்படித்தான் ஒரு குழாய் சுமார் 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது.

அது சிர்காலாய்-2 என்ற கலவையில் செய்த குழாய். நம் பழைய உலைகளிலும் அதே கலவைதான் இருந்தது. ராவத்பாட்டாவிலும் கல்பாக்கத்திலும் பிற்பாடு குழாய்களை ஒட்டுமொத்தமாகக் கழற்றி, ஹைட்ரஜனைக் குறைவாக ஏற்கும் 2.5 சதவீத நியோபியம் கலந்த குழாய்களைப் பொருத்தினார்கள். கதிர்வீச்சுச் சூழலில் நடந்த கடுமையான வேலை அது. அதற்குரிய கவனத்தை நாம் கொடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

ஹைதராபாத்தின் கைத்திறனில் ஒரு பங்கு இந்த ஒரு வாயுவை விரட்டுவதில் செலவாகிறது. உலோகத்தை வெற்றிடத்தில் மின்வில்லால் திரும்பத் திரும்ப உருக்குகிறார்கள். உருகும்போது ஹைட்ரஜன் வெளியேறிவிடும். குழாய் ஆனபின் 400 பாகை நீராவியில் வைத்து, மேலே பளபளக்கும் கறுப்பு ஆக்சைடுப் பூச்சை வளர்க்கிறார்கள். உலோகத்தில் எளிதாக ஓடும் ஹைட்ரஜன் அந்தப் பூச்சைத் தாண்டத் தடுமாறும்.

உலைக்குப் போனபிறகும் கண்காணிப்பு ஓயாது. குழாயின் உட்புறத்தில் மெல்லிய சீவல் ஒன்றைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வெற்றிடத்தில் வைத்து அதைச் சூடாக்குவார்கள். நுழைந்த வழியிலேயே ஹைட்ரஜன் வெளியே வரும். அதை அளந்து குழாயின் மிச்ச ஆயுளைக் கணக்கிடுவார்கள்.