முதியோருக்கான யோகப் பயிற்சி

முதியோருக்கான யோகப் பயிற்சி என்பது, அறுபது வயதைக் கடந்தவர்களின் உடல்நிலைக்கேற்ப எளிதாக்கப்பட்ட ஆசனங்களும் மூச்சுப்பயிற்சியும் ஓய்வு நிலைகளும் அடங்கியது. பிறர் துணையின்றி எழுந்து நடந்து, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறனைக் காப்பதே இதன் முதன்மைப் பயன் ஆகும்.

தேவை

வயது ஏற ஏறத் தசைவலு, மூட்டு அசைவு, உடற்சமநிலை ஆகியவை குறைகின்றன. கீழே விழும் வாய்ப்பு கூடுகிறது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழைய நடமாட்டத்தைத் திரும்பப் பெறுவதில்லை. உழைத்தே வாழ்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டாரத்தில் உப்பளத் தொழில் நடக்கிறது. குனிந்து உப்பு வாருவதும் சுமப்பதும் முதுகுக்கும் முழங்காலுக்கும் ஓயாத பளு தருகின்றன. அத்தகைய உழைப்பு, உடலை மெல்ல நீட்டித் தளர்த்தும் பயிற்சிக்கு ஈடாகாது.

பயன்கள்

- சமநிலை: தாடாசனம், சுவரைப் பிடித்துச் செய்யும் விருட்சாசனம் ஆகியவை கால் தசைகளுக்கு வலுவும் நிற்பதில் உறுதியும் தருகின்றன. உடற்பயிற்சி செய்யும் முதியோர் கீழே விழுவது சுமார் 23 விழுக்காடு குறைவதாக 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகள் செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.
- மூட்டு அசைவு: தோள், இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றின் இறுக்கம் தளர்கிறது.
- மன அமைதி: மெதுவான மூச்சும் சவாசனமும் பதற்றத்தைத் தணிக்க உதவுகின்றன.

தரையில் அமர இயலாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தே பயிற்சி செய்யலாம்.

நானம்மாள்

பொள்ளாச்சியை அடுத்த ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்து, கோயம்புத்தூரில் வாழ்ந்த வி. நானம்மாள் தொண்ணூறு வயதைக் கடந்தும் யோகா கற்பித்தார். 2018-இல் பத்மசிறீ விருது பெற்ற இவர் 2019-இல் காலமானார். இவர் சிறுவயதிலேயே தந்தையிடம் யோகா கற்று, இடைவிடாது செய்து வந்தவர். முதுமையில் புதிதாகத் தொடங்குவோர் இவரிடம் கற்க வேண்டியது கடின ஆசனங்களை அன்று, அன்றாடம் விடாமல் செய்யும் பழக்கத்தை.

கவனிக்க வேண்டியவை

கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவது முதுகெலும்பு முறிவுக்கு இடமளிக்கலாம். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை நெடுநேரம் அடக்கக் கூடாது. யோகா மருந்துக்கு மாற்றன்று; மருத்துவரிடம் கேட்டு, தேர்ந்த ஆசிரியரிடம் கற்றுத் தொடங்குவது பாதுகாப்பானது. பயிற்சியில் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.